சம்மதத்தோடு ஒரு இனிப்பு

இன்று ராத்திரிக்குள் நாக்கில் ஏதாவது இனிப்பு பட்டே ஆக வேண்டும், அதுவும் மனைவியின் முழுச் சம்மதத்தோடு என்று தராசுக்காரர் உறுதி எடுத்துக்கொண்டார்.

கடை கடையாகப் போய்த் தராசு பழுதுபார்ப்பது அவர் தொழில். முப்பது வருஷமாக முள்ளை நடுவில் நிற்கவைத்தவர். வீட்டில் மட்டும் எந்தப் பேச்சும் ஒரு தடவைகூட அவர் பக்கம் சாய்ந்ததில்லை. ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம். அன்றைக்கே மனைவி சர்க்கரை டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினாள். இடம் போதாமல் நகைப்பெட்டி வெளியே வந்தது. வெறும் டீயாகக் குடித்து அவருக்கு நாக்கே செத்துவிட்டது.

பழக்கடைத் தராசைச் சரிசெய்த கையோடு அன்னாசிக் குவியலில் இறங்கினார். அடிப்பக்கம் மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று பார்த்தார். மோந்து பார்த்தார். தூக்கிப் பார்த்தார், உருவத்துக்கு மிஞ்சிய கனம் இருந்தால்தான் உள்ளே சாறு.

"கல்யாணத்துக்கு முன்னாடிகூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டீங்கண்ணே," என்றார் கடைக்காரர்.

"அப்பப் பார்க்காததாலதான் இப்ப இப்படிப் பார்க்கிறேன்."

வீட்டுக்கு வந்து அவரே தோலைச் சீவினார். பழத்தின் கண்களைச் சாய்வாகக் கீறி எடுத்தார். நடுத்தண்டை நீக்கி, உப்புத் தண்ணீரில் அலசிக் கிண்ணத்தில் போட்டார். வாசனை மூக்கைத் துளைத்தது. சமையலறையிலிருந்து மனைவி வந்துவிட்டாள்.

"என்ன இது?"

"மருந்துன்னு வெச்சுக்கோயேன். நார்ச்சத்து. ஜீரணத்துக்கு நல்லது."

"யார் சொன்னா?"

"பழம் சாப்பிடலாம்னு டாக்டரே சொன்னாரே. நீயும் கூடத்தானே இருந்தே."

"அளவான்னு சொன்னார்."

"அளவு பார்க்கிறதுதானே என் பொழைப்பு!"

அவள் யோசித்தாள். "ராத்திரியில சாப்பிடலாமா?"

"ராத்திரிதான் ரொம்ப நல்லது." இது அந்த நொடியில் அவரே கண்டுபிடித்தது.

"சரி. தினமும் சாப்பிடுங்க."

முப்பது வருஷத்தில் முதல் வெற்றி. அவருக்கு வாயெல்லாம் பல். அப்போதுதான் அவள் அவருடைய சாப்பாட்டுத் தட்டைத் தூக்கினாள்.

"தட்டை எங்கே எடுத்துட்டுப் போறே?"

"சோத்திலயும் சர்க்கரை, பழத்திலயும் சர்க்கரை. ரெண்டும் சேர்ந்தா உடம்பு தாங்குமா? இனி ராத்திரிக்கு உங்களுக்குப் பழம் மட்டும்தான்."

பழம் வேண்டாம் என்றால் மருந்து பொய்யாகிவிடும்.

எதிரே அவள் சுடுசோறும் உருளைக்கிழங்கு வறுவலுமாக உட்கார்ந்தாள். அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். தேன்! செத்த நாக்குக்கு உயிர் வந்தது. போனால் போகிறது, சோறுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு கண்ணை மூடினார்.

திறந்தபோது அவளும் ஒரு துண்டை மென்றுகொண்டிருந்தாள். முகம் சுருங்கியிருந்தது.

"இவ்வளவு இனிப்பு உங்களுக்கு ஆகாது. நாளையிலிருந்து நல்ல காயாப் பார்த்து வாங்கிட்டு வாங்க."