பாதிரி நெரிப்பான்

தெருமுனையில் பாதிரியாரின் கறுப்பு அங்கி தெரிந்ததுமே ஒரியானோ தன் சாப்பாட்டுக் கடையின் வாசல் பலகையைச் சட்டைக் கையால் அழித்தான்.

பலகையில் இருந்தது அன்றைய பாஸ்தாவின் பெயர்: பாதிரி நெரிப்பான். இத்தாலியின் ரொமாஞாப் பக்கத்துக்காரர்களுக்கு அதில் ஒரு தப்பும் தெரியாது. அந்தக் காலத்தில் பாதிரிமார் வீட்டு முட்டைகளையெல்லாம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்களாம். பெண்கள் வெறும் மாவைத் தண்ணீரில் பிசைந்து திரிப்பார்கள். “இது அவன் தொண்டையில சிக்கட்டும்” என்று புருஷன்மார் வாழ்த்துவார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் இந்தப் பாதிரியார் டான் கல்லிஸ்தோ வடக்கிலிருந்து புதிதாக வந்தவர். திருவிழா விருந்து, இருநூறு பேர் சாப்பாடு, எந்தக் கடைக்கு என்பது அவர் கையில். அது தவறினால் ஒரியானோ கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

“இர்மா, வேற ஏதாவது சமையேன்!” என்று அடுப்படியில் இருந்த மனைவியிடம் கெஞ்சினான்.

“மூணு கிலோ கையால திரிச்சு வச்சிருக்கேன். நீங்களே தின்னு தீர்ப்பீங்களா?”

பாதிரியாரும், அவரோடு வடக்கிலிருந்தே வந்த சமையற்காரி அர்ஜியாவும் உட்கார்ந்துவிட்டார்கள்.

“இன்னிக்கு என்னப்பா விசேஷம்?”

“கைத்திரி, சாமி.”

“பேர் எப்படி வந்துச்சு?”

ஒரியானோ சுத்தமான மேசையை மறுபடி துடைத்தான். “ஒரு கன்னியாஸ்திரி... நூல் நூற்கும்போது தோணிச்சாம்.”

“எந்த மடம்?”

“அது எரிஞ்சு போச்சு, சாமி.”

உள்ளேயிருந்து இர்மாவின் வெண்கலக் குரல் கிளம்பியது. “ஏங்க! பாதிரி...”

ஒரியானோ கையிலிருந்த தட்டுகளைக் கீழே போட்டான். பதினோரு தட்டு. மிச்சப் பெயர் அந்தச் சத்தத்தில் அமுங்கியது.

பக்கத்து மேசைக் கிழவர் செக்கோந்தோ நிமிர்ந்தார். “எனக்கும் ஒரு நெரி...”

ஒரியானோ ஓடிப்போய் அவர் வாயில் ரொட்டியைத் திணித்தான். கிழவருக்குப் புரையேறி, முதுகில் நாலு குத்து விட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

பாதிரியார் இரண்டு தட்டு காலி செய்தார். முகம் மட்டும் வாடியே இருந்தது.

“நல்லாத்தான் இருக்கு” என்று பெருமூச்சு விட்டார். “விருந்தைப் பக்கத்து ஊர்லயே வச்சுக்கறோம், தம்பி.”

அவர் வெளியே போனதும் ஒரியானோ அர்ஜியாவை மறித்தான். கண் கலங்கிவிட்டது.

“அக்கா, நான் என்ன குத்தம் பண்ணினேன்?”

“உன்னைச் சொல்லி என்னப்பா? பாதிரி நெரிப்பானை ஒரு வாய் தின்னணும்னுதான் மனுஷன் இந்த ஊருக்கே மாத்தல் கேட்டு வந்தாரு. நீங்க என்னடான்னா ஊர்ல இருக்கற மூணு கடையிலயும் இதே பண்டத்தை ஒவ்வொரு பேர்ல போட்டு அனுப்பறீங்க!”