ரொக்கெட்டின் இரண்டாவது பாதி

‘குடியிருப்பாளர் கவனத்துக்கு: ரொக்கெட்டின் பாகம் ஒன்று வெள்ளவத்தைக் கரையில் ஒதுங்கியுள்ளது. யாரும் தொட வேண்டாம். எடுத்து வருகிறேன்.’

எங்கள் தொடர்மாடியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஞாயிறு காலை இதை அனுப்பியவன் நான்தான். பிற்பாடு அழித்தேன். அதற்குள் பலர் படம் பிடித்து வைத்துவிட்டார்கள். (ஆவணம் பேணுகிறவன் என்ற முறையில் என்னால் அதைக் குறைசொல்ல முடியாது.)

ரொக்கெட்டுகள் திரும்பி வரத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு இந்தப் பைத்தியம். எப்போது ஏவினார்கள், அடிப்பகுதி எப்போது கப்பலில் வந்து நின்றது, நுனியை மூடியிருக்கும் இரண்டு ஓடுகளையும் கடலிலிருந்து எப்போது தூக்கினார்கள் என்று எல்லாவற்றையும் திகதியோடு குறித்து வைப்பேன். அந்த வியாழக்கிழமை ஒரு பாதி ஓட்டைத் தூக்கியதாக நேரலையில் சொன்னார்கள். மற்றப் பாதியைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஞாயிறு காலை தண்டவாளம் தாண்டிக் கடற்கரைக்குப் போனால் அது கிடக்கிறது. ஆளுயரம், வெள்ளை நிறம், வளைந்த ஓடு. உட்புறம் பொன்னிறம். ஒரு ஓட்டோவின் கூரையில் அதைக் கட்டினேன்.

“மாத்தயா, இது குளிக்கிற தொட்டியா?” என்று ஓட்டோக்காரர் சிங்களத்தில் கேட்டார். அவருக்காக இரங்கினேன்.

லிஃப்டுக்குள் அது நுழையவில்லை. கீழே விருந்தினர் கார் நிறுத்தும் இடத்தில் சாய்த்து, அம்மாவின் கொடிக்கயிற்றை எடுத்துச் சுற்றிவரக் கட்டினேன்.

“பொம்பிளை வீட்டுக்காரர் வாற நேரம், நீ கடல் மண்ணோட நிக்கிறாய்” என்றார் அம்மா. அன்று என்னைப் பார்க்க ஹெவ்லொக் டவுனிலிருந்து ஆட்கள் வரவிருந்தார்கள். இதற்கு முன் வந்த மூன்று இடமும் ‘பொடியன் நல்லவர், ஆனால்...’ என்று சொல்லிப் போயிருந்தன. இதுவும் தவறினால் இனித் தன்னால் ஏலாது என்று அம்மா சொல்லியிருந்தார்.

வந்தவர்கள் காரை விட இடமில்லாமல் காலி வீதியில் விட்டுவிட்டு, வெயிலில் நடந்து வந்து சேர்ந்தார்கள். தகப்பனார் கயிற்றின் முன் நின்று நெற்றியைத் துடைத்தார்.

“தம்பி, இது என்ன சாமான்?”

“ரொக்கெட்டின்ர மேல்மூடி, அங்கிள்.”

“எங்க விட்ட ரொக்கெட்?”

“அமெரிக்காவில.”

“எப்ப?”

“வியாழக்கிழமை.”

“இண்டைக்கு ஞாயிறு.”

“ஓம் அங்கிள். நீரோட்டம்.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளையைத் தானே நேரில் பார்க்க வேண்டும் என்று கூடவே வந்திருந்த மகள் துவாரகா, கயிற்றைத் தாண்டிக் குனிந்தாள். “உள்ளுக்கு ஏன் தங்கக் கலர்?”

“வெப்பத் தடுப்புப் பூச்சு.”

“வெப்பத்தைத் தடுக்கப் பூமாலை கொழுவுற கம்பியும் வேணுமோ?”

அவள் போனை எடுத்துத் தாயிடம் நீட்டினாள். “அம்மா, இது அக்கான்ர ரிசெப்ஷன் மேடைக்கு வந்த சிப்பி எல்லோ?”

படத்தில் அவளுடைய அக்காவும் அத்தானும் என்னுடைய ரொக்கெட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தானுக்கு வியர்த்திருந்தது. சிப்பியின் விளிம்பில் ஒரு வெடிப்பு. என் மேல்மூடியிலும் அதே இடத்தில் அதே வெடிப்பு. (வளிமண்டல உராய்வு என்று நான் ஏற்கெனவே குறித்திருந்தேன்.)

“தேத்தண்ணி ஊத்தட்டோ?” என்றார் அம்மா, செத்த வீட்டுக் குரலில்.

இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. மூன்றாம் நாள் தகப்பனார் அழைத்தார். துவாரகா சம்மதமாம். காரணத்தையும் சொன்னார்: “அமெரிக்காவில துலைஞ்சதையே தேடுற மனிசன், வீட்டுத் திறப்பைத் துலைக்க மாட்டார் எண்டு சொல்லுறாள்.”

கலியாண வரவேற்பில் எங்களையும் ஒரு சிப்பிக்குள்தான் உட்கார வைத்தார்கள். அது மாமனாரின் ஏற்பாடு. இன்றைக்கும் நான் எங்கே பிந்திப் போனாலும் வீட்டில் யாரும் காரணம் கேட்பதில்லை. “நீரோட்டம்” என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். வீட்டுச் சாவியை இதுவரை இரண்டு தடவை துலைத்திருக்கிறேன்.

கலியாண மேடை சோடிக்கிறவரின் சிப்பி எப்படிக் கடலுக்குப் போனது என்பது பிறகு தெரியவந்தது: மழை வெள்ளம் அதை அவருடைய கொட்டிலிலிருந்து வாய்க்கால் வழியாக இழுத்துப் போயிருக்கிறது. ஆனால் அந்த வியாழக்கிழமை ரொக்கெட்டின் மற்றப் பாதியைத் தூக்கினார்களா இல்லையா என்பதை என்னால் இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.