நடவு மெஷினில் யார் உட்காருவது?

மெக்கானிக்குக் கை சும்மா இருக்காது. நன்றாக ஓடுகிற ஃபேனைக்கூட 'எப்படித்தான் ஓடுது, பார்ப்போமே' என்று கழற்றுவார். மாட்டிய பிறகு மீந்துபோன ரெண்டு திருகாணியைச் சத்தம் காட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் அந்த வருஷம் ஒரு சபதம் எடுத்தார். தங்கள் வயலுக்கு வாடகைக்கு வரப்போகும் நடவு மெஷினில் அவர்தான் உட்கார்ந்து ஓட்டுவாராம்.

"ஏன், நான் ஓட்டினா ஓடாதா?" என்றாள் மனைவி.

மெஷின்காரர் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லித்தருவார். அதனால் போட்டி. மெஷினுக்கு நாற்றைத் தட்டில் வளர்க்க வேண்டும். பதினைந்து நாளில் வேரெல்லாம் பின்னிக்கொண்டு, பாய் மாதிரி சுருட்ட வர வேண்டும். ஆளுக்குப் பத்துத் தட்டு. மாடியில் இடப்பக்கம் அவருக்கு, வலப்பக்கம் அவளுக்கு. யாருடைய நாற்று உதிராமல் சுருள்கிறதோ அவருக்கு மெஷின். தோற்றவர் தன் பங்கைக் கையால் நட வேண்டும்.

ஐந்தாம் நாளே அவருக்குப் பொறுக்கவில்லை. அடியில் வேர் எப்படிப் போகிறது? ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாய் நூல் ஓடியிருந்தது. அட, இத்தனூண்டு விதைக்கு இவ்வளவு வேரா என்று சொக்கிப்போனார். நாளைக்கு எவ்வளவு நீளும்? மறுநாளும் தூக்கினார். அதற்கு மறுநாளும்.

"என்ன, தினம் தூக்கிப் பாக்கறீங்களா?"

"சேச்சே. தண்ணி தெளிச்சேன்."

"தூக்காதீங்க. வேர் அறுந்துடும்."

"எனக்குத் தெரியாதாக்கும்."

பதின்மூன்றாம் நாள் தூக்கியபோது மூலை பொலபொலவென்று கையோடு வந்தது. அவசரமாக அதை இருந்த இடத்திலேயே வைத்து அமுக்கினார். மேலே பார்த்தால் ரெண்டு பக்கமும் ஒரே பச்சை. வம்பெல்லாம் அடியில்தான்.

மறுநாள் மத்தியானம், "அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரேன், ரெண்டு மணி நேரம் ஆகும்" என்று மனைவி கிளம்பினாள். கதவு சாத்தியதும் அவர் மாடிக்கு ஓடினார். வலப்பக்கத்துப் பத்தும் இடப்பக்கம் வந்தது, இடப்பக்கத்துப் பத்தும் வலப்பக்கம் போனது. இடுப்பு கழன்றுவிட்டது. மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. மெஷினை நினைத்தார், அதுவும் அடங்கிவிட்டது.

விடிந்ததும் மெஷின்காரர் வந்து, இடப்பக்கத்து முதல் தட்டைச் சுருட்டினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடுத்ததும் அப்படியே. அவள் பக்கத்து நாற்றோ சொன்னபடி சுருண்டது. மெக்கானிக் வாயைத் திறந்தார். நேற்றுதானே மாற்றினேன் என்றா சொல்ல முடியும்? வேட்டியை மடித்துக் கட்டினார்.

அவள் மெஷினில் ஏறி ஒரு சுற்று வந்தாள். அவர் முழங்கால் சேற்றில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து நிறுத்தினாள்.

"நேத்து காலைல நீங்க டீ குடிக்கப் போனப்பவே நான் மாத்தி வெச்சுட்டேன். நல்ல நாத்தெல்லாம் உங்க பக்கம்தான் இருந்துச்சு. கையை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா, இப்ப இங்க நீங்கதான் உட்காந்திருப்பீங்க."

அவருக்கு அவமானத்தைவிட ஆவல்தான் மேலிட்டது. "நான் மாத்துவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அது தெரிஞ்ச விஷயம்தானே. ஒரு தட்டையாவது தூக்கிப் பாத்துடுவீங்களோன்னுதான் பயந்துக்கிட்டே இருந்தேன்."

அந்த ஒரு நாள்தான் அவர் தூக்கிப் பார்க்கவில்லை.