பெரியம்மா வழி

அந்தத் துணி கொடியை அறுத்துக்கொண்டு பறந்தால் எங்கே போய் இறங்கும்? ஊத்துக்குளிப் பக்கம் வந்தால் நம்ம வேப்பமரத்தில்தான் மாட்டும்.

எதிர் மாடியில் வெளுத்துக் காயப்போட்டிருந்த பனியன் துணி காற்றில் உப்பி, மேகம்போல் எழுவதைத் தெய்வாத்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடிட்டர் அறையில் அந்த வேப்பமரத்தைப் பற்றித்தான் பேச்சு. மரம், அது நிற்கும் பத்து சென்ட், அவள் குடியிருக்கும் ஓட்டு வீடு, எல்லாம் மகன் மோகன்ராஜ் பேரில் இருந்தன. அவன் அதைச் சித்தப்பா மகன் பழனிமுத்துவுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறான். கொடுக்காவிட்டால் பழனிமுத்து அண்ணனின் கம்பெனியை விட்டுப் போய்விடுவானாம். கொடுத்தால் மரத்தை வெட்டி, வீட்டை இடித்து, குடோன் கட்டுவான். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"தம்பிக்குத் தானமாக் குடுக்கறேனுங்க," என்றான் மோகன்ராஜ்.

"இந்த அக்டோபர்ல சட்டம் மாறிப்போச்சுங்க," என்றார் ஆடிட்டர். "சொந்தக்காரர் இல்லாதவங்க இடம் குடுத்தா, வாங்கறவருக்கு வரி."

"ஏனுங்க, எந்தம்பி சொந்தமில்லீங்களா?"

"கூடப் பொறந்தவருங்களா?"

"கூடப் பொறந்தவனாட்டந்தானுங்க."

"ஆட்டமெல்லாம் சட்டத்துல இல்லீங்க."

பழனிமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒரே குலசாமிக்குக் கெடா வெட்டறோம். நாங்க அந்நியமுங்களா?"

"சல்லிசா வித்ததா எழுதிக்கலாங்களா?" என்றான் மோகன்ராஜ்.

"அரசாங்க மதிப்புக்கு லாபம் போட்டு உங்களைப் புடிப்பாங்க."

வரி தம்பி தலையிலிருந்து அண்ணன் தலைக்குத் தாவியது.

"உயில் எழுதுனா வரியே இல்லீங்க," என்றார் ஆடிட்டர்.

"எப்பக் கிடைக்குமுங்க?" என்று முன்னால் நகர்ந்தான் பழனிமுத்து.

"அண்ணன் போன பொறகு."

பழனிமுத்து அண்ணனை ஏற இறங்கப் பார்த்தான். "அண்ணா, உங்களுக்கு பிரஷர் எவ்வளவுங்க இப்ப?"

மோகன்ராஜ் இரண்டாவது பஜ்ஜியைத் தட்டிலேயே திருப்பி வைத்தான்.

கிளார்க் கவிப்பிரியா எல்லாருக்கும் டீ கொண்டுவந்தாள். தெய்வாத்தாளுக்கு மட்டும், கேட்காமலேயே, வெந்நீர்.

"சார், பெரியம்மா வழியாப் போலாங்களே?" என்றாள் மெல்ல. "மகன் அம்மாவுக்குக் குடுத்தா வரியில்லை. பெரியம்மா இவருக்குச் சட்டப்படி சொந்தம், அவங்க குடுத்தாலும் வரியில்லை."

ஆடிட்டர் புத்தகத்தைப் புரட்டினார். "அட, ஆமா! அம்மா சும்மா ஒரு வழிதானுங்க."

வழி. தெய்வாத்தாள் அந்தச் சொல்லுக்குள் நடந்து போனாள். செம்மண் தடம், ஓரத்தில் நிழல், ஆள் நடமாட்டமே இல்லை. நடக்க நன்றாக இருந்தது.

"அம்மா, சம்மதங்களா?"

"உம்," என்றாள்.

அடுத்த புதன்கிழமை இடம் அவள் பேருக்குப் பதிவானது. அடுத்த மாதம், அதே அறையில், இரண்டாவது பத்திரம் தயாராக இருந்தது. மோகன்ராஜ் பேனாவை நீட்டினான்.

"கையெழுத்துப் போடுங்கம்மா."

எதிர் மாடியில் இன்று துணி இல்லை. கொடி மட்டும் ஆடியது. ஒருவேளை வேப்பமரத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். அவள் பேனாவை வாங்கி, மூடி, மேசைமேல் வைத்தாள்.

"மாட்டேங் கண்ணு."

"பெரியம்மா! நீங்க சும்மா வழிதானுங்களே?" என்று அலறினான் பழனிமுத்து.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோகன்ராஜ் கவிப்பிரியா பக்கம் பாய்ந்தான். "ஏம்மா, நீதானே இந்த வழியச் சொன்னே?"

"சொன்னது நாந்தானுங்க, கேட்டது அம்மாங்க. நீங்கெல்லாம் வர்றதுக்கு ஒரு வாரம் முந்தியே அம்மா தனியா வந்து, 'இடம் எம்பேருக்கு வர்றதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதா கண்ணு'ன்னு கேட்டாங்க." கவிப்பிரியா வெந்நீரைத் தெய்வாத்தாள் முன் வைத்தாள். "போற வழிய அவங்க கேக்கவே இல்லீங்க."