அனுமதி கேட்ட கணினிச் சித்தர்

சென்ற ஆடி மாதம் உத்திரமேரூர்ப் பக்கம் டாக்டர்களைத் தேடிப் போவோர் குறைந்துபோனார்கள். நோய் குறையவில்லை. கணினிச் சித்தர் வந்திருந்தார்.

சித்தரின் பழைய பெயர் வேதகிரி. கல்யாண மண்டபத்து மேடையில், பட்டுத்துணி சுற்றிய டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாசலில் சீடன் அரவிந்தன் பெயரும் ஊரும் கேட்டு டோக்கனில் எழுதிக் கொடுப்பான். பக்தர் எதிரே போய் உட்கார்ந்ததும் சித்தர் கண்ணை மூடுவார், திறப்பார், மடியைப் பார்ப்பார். என்ன நோய், என்ன மாத்திரை, வீட்டில் எத்தனை பேர் என்று கடகடவென்று சொல்லுவார்.

"மேகத்துல ஏழு சித்தருங்க உக்காந்து எழுதிக்கினே கீறாங்க. அது இந்தப் பலகையில எறங்குது."

மேகத்திலிருந்து இறங்குகிறது என்பது உண்மைதான். அவர் சொன்ன ஒரே உண்மையும் அதுதான். எந்த மேகம் என்பதை மட்டும் மறைத்துவிட்டார்.

ஜெயப்பிரியா தொண்டு நிறுவனங்களுக்குக் கணினி வேலைகளை அமைத்துக் கொடுப்பவர். அந்த வட்டாரத்தில் இலவசச் சர்க்கரை நோய் முகாம் நடத்தும் ஒரு அறக்கட்டளைக்குப் பதிவுப் படிவம், நினைவூட்டும் குறுஞ்செய்தி, நோயாளிகளின் இணைய அட்டவணை எல்லாம் அவர் கைவேலை. சாலவாக்கம் கோவிந்தம்மாள் இரண்டு முகாம்களுக்கு வரவில்லை என்று அட்டவணை காட்டியது. ஜெயப்பிரியா நர்ஸ் வளர்மதியோடு அந்த அம்மாளின் வீட்டுக்கே போனார்.

கோவிந்தம்மாளின் இடது பாதத்தில் துணிக்கட்டு. பக்கத்தில் போனதும் வாடை.

"ஏன்க்கா மாத்திரை வாங்க வரலை?" என்றார் ஜெயப்பிரியா.

"சாமி நிறுத்தச் சொல்லிட்டாரும்மா. அதுக்கு பதிலா எண்ண குட்த்துகீறாரு. டாக்டரு எனுக்கு சுகரு எறநூத்திப் பதினாலுன்னாரு. சாமி பாத்த ஒடனே நானூத்திப் பன்னெண்டுன்னுட்டாரு. டாக்டரு மறச்சிட்டாரு பாரு!"

வளர்மதி முகம் வெளுத்தது. "மேடம், அது நான் தப்பா அடிச்சது. நம்பரைத் திருப்பிப் போட்டுட்டேன்."

அந்த நானூற்றுப் பன்னிரண்டு உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது: கணினிக்காரர்கள் ‘மேகம்’ என்று சொல்லும் இணையக் கிடங்கில் இருந்த அட்டவணையில்.

ஜெயப்பிரியா போனில் அட்டவணையைத் திறந்தார். யாரோ ஒரு வெளியாள் அந்த நிமிஷமே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் தெரியாதவர்களுக்கு அந்த மென்பொருள் ஒரு மிருகத்தின் பெயரைச் சூட்டும். அன்றைக்கு முதலை. மென்பொருளுக்கு இருந்த கணிப்பு பக்தர்களுக்கு இல்லை.

லிங்க் கையில் இருந்தால் யாரும் பார்க்கலாம் என்று, முதல் முகாமில் தன்னார்வலர்களின் வசதிக்காகத் திறந்துவிட்டவர் ஜெயப்பிரியாதான். மூட மறந்தவரும் அவர்தான். அன்று உதவிக்கு வந்த பையன்களில் அரவிந்தனும் ஒருவன். ஊர் ஊராகப் போய்க் கடவுச்சொல் பாடம் எடுப்பவருக்கு அந்தக் கட்டுப் போட்ட பாதத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"இப்பவே மூடிடுங்க மேடம்."

"மூடினா, சித்தர் கோவிச்சுக்கிட்டு மலையேறிட்டாருன்னுதான் சொல்லுவாங்க. அந்த எண்ணெயை ஒருத்தரும் கீழ கொட்ட மாட்டாங்க."

அன்று மத்தியானமே கோவிந்தம்மாளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்கள். முகாமில் வேலை செய்யும் பழையசீவரம் செங்கேணியும் கணவன் பஞ்சாட்சரத்தோடு வந்து சேர்ந்தாள். ஆட்டோவில் வரும்போதே ஜெயப்பிரியா அட்டவணையில் செங்கேணியின் பெயரில் இல்லாத விவரம் ஒன்றை எழுதி வைத்திருந்தார்.

செங்கேணி சித்தர் எதிரே உட்கார்ந்தாள். சித்தர் மடியைப் பார்த்தார். குரல் தழுதழுத்தது.

"புருசன் செத்து ஆறு மாசம் ஆவுதேம்மா! சாவறப்ப இன்னாவோ சொல்ல வந்தாரு, சொல்லாமயே பூட்டாரு. ஆவி வூட்டு வாசல்லயே நின்னுக்கினு கீது. பரிகாரம் பண்ணணும்."

பின்னாலிருந்து பஞ்சாட்சரம் எழுந்தான். "ஆவி இப்பத்தான் டீ குடிச்சிட்டு வந்துது சாமி. இன்னா பரிகாரம், சொல்லு."

"இவருதான் எம் புருசன்" என்றாள் செங்கேணி.

மண்டபம் சிரித்தது. சித்தர் அசரவில்லை. "ஆவி இந்த ஆளு ஒடம்புல பூந்துகினு பேசுது!" என்றார். முன் வரிசையில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஜெயப்பிரியா போனில் ஒரு இடத்தைத் தொட்டு அட்டவணையை மூடினார். "சரி சாமி. அடுத்தவங்களுக்குச் சொல்லுங்க."

சித்தர் மடியைப் பார்த்தார். தட்டினார். தேய்த்தார். பதற்றத்தில் எதையோ அழுத்தினார். ஜெயப்பிரியாவின் போனில் ஒரு செய்தி வந்து மணி அடித்தது. அவர் சத்தமாகப் படித்தார்: "‘வேதகிரி உங்கள் அட்டவணையைப் பார்க்க அனுமதி கேட்கிறார்.’ ஏழு சித்தருங்க எழுதறாங்கன்னீங்களே, எங்கிட்ட ஏன் சாமி அனுமதி கேக்கறீங்க?"

பஞ்சாட்சரம் பட்டுத்துணியை உருவி டேப்லெட்டைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினான். ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"இது எங்க முகாம்ல உங்களைக் கேட்டு எழுதின விவரம். திறந்து போட்டது என் தப்பு. படிச்சுப் பொழைச்சது இவரு" என்றார் ஜெயப்பிரியா.

கோவிந்தம்மாள் மெதுவாகக் கேட்டார்: "அப்போ எனுக்கு எறநூத்திப் பதினாலுதானா?"

"அன்னைக்கு அவ்வளவுதான்க்கா. இப்ப எவ்வளவுன்னு பாக்கணும்."

வேதகிரியையும் அரவிந்தனையும் போலீஸ் ஜீப் ஏற்றிக்கொண்டு போனது. கோவிந்தம்மாளுக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள், பாதம் தப்பியது. முன் வரிசை ஆட்கள் இன்னமும், "சாமிகிட்ட சக்தி இருந்துது, அந்தப் பொண்ணுதான் லாக் பண்ணிட்டா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கை கூப்புங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, எதிரே இருப்பவன் எதைப் பார்த்துப் படிக்கிறான் என்று எட்டிப் பாருங்கள்.