வரிசை வந்துவிட்டதா என்று கேட்கும் போன்கள்

அன்புள்ள தம்பி ஜெரிக்கு,

ராயபுரத்திலிருந்து உன் பெரியம்மா மகள் ஜூடி எழுதுவது. ஒரே கேள்வியை எத்தனை முறை கேட்டால் அது அடியாக மாறும்? எனக்கு விடை தெரியாது. இங்கே எல்லோரும் நலம், நான் பார்த்துக்கொள்ளும் டேட்டாபேஸ் சர்வரைத் தவிர. நீ எழுதிக் கொடுத்த ஆப் மிக ஆரோக்கியமாக இருக்கிறது. அதுதான் பிரச்சினை.

எண்ணூர் சாலையில் எங்கள் கன்டெய்னர் யார்டுக்குள் நுழையக் காத்திருக்கும் ஒவ்வொரு லாரிக்காரர் போனும் "என் வரிசை வந்துவிட்டதா?" என்று நொடிக்கொரு தரம் சர்வரைக் கேட்கிறது. டிரைவர்களோ ஒரு போனை நம்புவதில்லை. தன் போன், கிளீனர் போன், வீட்டில் மனைவி போன் என்று எல்லாவற்றிலும் அதே லாரி நம்பரைப் போட்டுவைக்கிறார்கள். ஏன் என்று தௌசீஃப் என்ற டிரைவரைக் கேட்டேன். "இன்னா மேடம், ஒண்ணுல சிக்னல் பூட்ச்சுன்னா இன்னொண்ணுல வரும்ல? உங்க மெசினு ஒரு தபா கேட்டா எங்க பதில் சொல்லுது? அதான் அமுக்கிகினே கீறேன்" என்றார். அவர் அமுக்க அமுக்க சர்வர் திணறி விழுகிறது, நான் எழுப்புகிறேன், எழுந்ததும் அத்தனை போனும் ஒன்றாகக் கேட்கின்றன, மறுபடி விழுகிறது, சாலையெல்லாம் லாரி நிற்கிறது, மேனேஜர் தவசிமுத்து என் மேஜை முன்னால் வந்து நிற்கிறார்.

அவரிடம் நீ போனில் சொன்னாயாம்: "எங்க ஆப் சூப்பரா கீது சார், உங்க சர்வருக்குத்தான் வயசாயிடுச்சு." சர்வரை மட்டும்தான் சொன்னாய் என்று எடுத்துக்கொள்கிறேன். அதை நம்பி அவர், பராமரிப்பில் தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் வேலையை விடு என்கிறார். போட மாட்டேன். போன்கள் அரை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும், ஆப்பை மாற்று என்று உன்னிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டவள் நான். "வெறும் கேள்வி கேட்டா மெஷின் விழுமாம்மா?" என்று தவசிமுத்து சிரித்தார். "அப்போ நாளைக்கு ஆப்பை நிறுத்திட்டு, நீங்களே கேட் ஜன்னல்ல உக்காந்து பதில் சொல்லுங்க சார்" என்றேன். "சொல்றேன், அதுல இன்னா பெரிய வேலை?" சொல்லட்டும். நான் நாளை முதல் அந்த யார்டு வாசலை மிதிக்கப்போவதில்லை. இது முடிவு.

சித்திக்கு என் அன்பு. மாதா உன்னைக் காக்கட்டும்; உன் ஆப்பிடமிருந்து என்னையும்.

அக்கா,
ஜூடி

பி.கு.: நேற்று எழுதிய இந்தக் கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. இன்று யார்டுக்குப் போனேன், வேடிக்கை பார்க்கத்தான். ஆப்பை நிறுத்திவிட்டுக் கேட் ஜன்னலில் தவசிமுத்து, வெளியே டிரைவர் கூட்டம். "அண்ணே, வந்துச்சா?" "இல்லப்பா." "இப்போ?" "இல்லன்றேன்ல!" "என் தோஸ்தோடதாச்சும் வந்துச்சா?" முதல் லாரி உள்ளே போவதற்குள் தவசிமுத்துவின் தொண்டை கட்டிவிட்டது, ஜன்னலைச் சாத்திவிட்டு எழுந்து போனார். நான் உட்கார்ந்தேன். என்னிடமும் அதே கேள்வி. பொறுக்கமுடியாமல், "யாரும் கேக்காதீங்க! நம்பர் வந்தா நானே கூப்பிடுறேன்!" என்று கத்தினேன். "அப்டி சொல்லு மேடம்" என்று தௌசீஃப் டீக்கடைக்கு நடந்தார், கூட்டமும் அவர் பின்னால் போனது. எனவே மேலே எழுதிய அரை நிமிடத்தை அடித்துவிடு. அதுவும் தப்புதான். போன் கேட்கவே கூடாது. வரிசை வந்ததும் சர்வர் கூப்பிட வேண்டும். அப்படி எழுதி அனுப்பு.

மாலையில் தவசிமுத்து சுக்குக் காபியோடு திரும்பினார். கையெழுத்தைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை.