கூப்பிடும் குருவி

இந்தத் தடவை பேர் வாங்கியே தீருவது என்று பைனாகுலர் முடிவு கட்டிவிட்டார். மலை ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கண்ணுக்குக் கருவி மாட்டியிருந்த மனிதருக்கு வீட்டு விஷயத்தில் மட்டும் காது மந்தம்.

வீடு கீழே. அவர் பறவை பார்க்கும் முகடு மேலே. நடுவில் எந்நேரமும் மூடுபனி. குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்கித் தர மனைவி கூப்பிட்டால் அசைய மாட்டார். "பனி சத்தத்த அப்படியே முழுங்கிடுதும்மா. மேல ஒண்ணுமே கேக்காது" என்று சாதித்துவிடுவார். அந்த அம்மாளும் தொண்டை கிழியக் கத்திவிட்டுத் தானே தூக்குவாள்.

முகட்டில் அவர் கண்டுபிடித்த பாட்டுக்குருவிக்குச் சாம்பல்நீல முதுகு, துருநிறத் தொண்டை, சுண்ணாம்பால் கோடு இழுத்த மாதிரி வெள்ளைப் புருவம். தலைமையகத்து நிபுணர் போனில் உதட்டைப் பிதுக்கினார்.

"இதெல்லாம் பக்கத்து மலைக் குருவிக்கும் இருக்கு சார். பாட்டு வேறயா இருந்தாத்தான் புது இனம். பதிவு பண்ணி அனுப்புங்க."

பைனாகுலர் பனிக்குள் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்தார். ஒரு இலைகூட ஆடவில்லை. திடீரென்று பிடரிக்குப் பின்னால் ஒரு குரல்.

"ஏஏ...ங்க."

திரும்பினார். யாருமில்லை. இப்போது இடப்பக்கம்: "ஏஏ...ங்க." அடுத்து உச்சந்தலைக்கு மேலே, இன்னும் மெதுவாக. சந்தேகமே இல்லை, மனைவியின் குரல். அவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று விழுந்தடித்துக்கொண்டு இறங்கினார்.

அவள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்னைக் கூப்பிட்டியா?"

"எப்படிக் கூப்பிடறது?" காற்றுதான் வந்தது. "ஒரு வாரமா தொண்டை கட்டிக் கிடக்கு. நீங்க கவனிக்கவே இல்லையா?"

பதிவை ஓடவிட்டார். வாயை மூடி நின்றவளின் குரல் அறை முழுக்கக் கூப்பிட்டது. அவள் வெளிறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் ஒரு சிறகடிப்பு, ஒரு கீச்சு.

"குருவிடி! உன் குரலைத் திருடியிருக்கு! நல்லவேளை, போன உயிர் திரும்பி வந்துச்சு!"

அவள் கையை விட்டாள்.

"அப்ப நான் கூப்பிட்டது மேல வரைக்கும் கேட்டிருக்கு."

"அது... பனி வந்து..."

"குருவிக்குக் கேட்டிருக்கு. உங்களுக்குத்தான் கேக்கல."

பைனாகுலர் அவசரமாகப் பதிவை நிறுத்தினார்.

"பாட்டு குருவியோடது இல்ல, என்னோடதுன்னு அந்த நிபுணருக்கு ஒரு போன் போட்டுடறேன்."

"ஐயோ, என் பேரு போயிடும்மா!"

"அப்ப இனிமே கூப்பிட்டா வருவீங்களா?"

"ஒரே குரலுக்கு ஓடி வரேன்!"

பதிவு தலைமையகத்துக்குப் போனது. "முகட்டுக் குருவிகள் அனைத்தும் இழுத்து இறங்கும் இதே பாட்டைப் பாடுகின்றன" என்பது முக்கிய அடையாளமாக ஏற்கப்பட்டது. குருவிக்கு அவர் பேரையே வைத்தார்கள்.

மறுநாள் முகட்டில் உட்கார்ந்ததும் பனிக்குள்ளிருந்து "ஏஏ...ங்க." ஓடினார், தண்ணீர் தூக்கினார், ஏறினார். மறுபடி "ஏஏ...ங்க." எது குருவி, எது வீடு என்று தெரியவில்லை. போகாமலிருக்கவும் பயம். மத்தியானத்துக்குள் வாளி, அண்டா, பூவாளிகூட நிரம்பி வழிந்தது.

"இன்னும் எதும்மா பாக்கி?" என்று மூச்சு வாங்கினார்.

தொண்டை சரியாகியிருந்த மனைவி ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நான் எங்கங்க கூப்பிட்டேன்? இப்பல்லாம் அதுங்களே பாத்துக்குதுங்க."